மொஹாவியில் பத்து ஆண்டுகள்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால், பொதுமக்கள் நுழைய முடியாத ஒரு பாலைவனம் வரும். நெவாடா அணு ஆயுதச் சோதனைக் களம் அது. 1951 ஜனவரியில் அங்கே ஃபிரெஞ்ச்மேன் ஃபிளாட் என்ற படுகையில்தான் அந்தக் களத்தின் முதல் குண்டு வெடித்தது. வெளியாட்கள் வரக் கூடாது என்று போட்ட வேலி, யாரும் எதிர்பாராத ஒரு நன்மையையும் செய்தது. குண்டுவெடிப்பின் பாதிப்புக்குத் தப்பிய சரிவுகளில் அரை நூற்றாண்டாக ஆடுமாடு மேயவில்லை; சுற்றுலா வண்டிகள் ஏறவில்லை. மொஹாவி பாலைவனத்தின் செடிகொடிகளும் மண்ணும் அங்கே கலையாமல் இருந்தன.

1997 ஏப்ரலில் அதே சரிவில் முற்றிலும் வேறுவிதமான ஒரு சோதனை தொடங்கியது. வெட்டவெளியில் சுமார் 25 மீட்டர் விட்டமுள்ள ஒன்பது வட்டங்கள் குறிக்கப்பட்டன. மூன்று வட்டங்களைச் சுற்றி நிறுத்தப்பட்ட குழாய்கள் காற்றோடு கார்பன் டை ஆக்சைடைக் கலந்து ஊதின. வட்டத்துக்குள் நிற்கும் செடிகள் சுவாசிக்கும் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 550 பங்கு இருக்கும்படி, காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்துப் பார்த்துக் கணினி அளவைக் கூட்டியது, குறைத்தது. இன்னும் மூன்று வட்டங்களில் அதே குழாய்கள், அதே விசிறிகள். ஆனால் வெறும் காற்று. விசிறி ஊதுவதாலேயே செடிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா, அதற்காக. கடைசி மூன்று வட்டங்களில் எதுவும் கிடையாது. பாலைவனம் பாலைவனமாகவே விடப்பட்டது.

சோதனை தொடங்கியபோது உலகக் காற்றில் அந்த வாயு ஏறக்குறைய 365 பங்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்பு 280. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்தாவிட்டால் இந்த நூற்றாண்டுக்குள்ளேயே 550-ஐத் தொட்டுவிடுவோம். அந்த மூன்று வட்டங்களுக்குள் வீசியது நம் பேரக்குழந்தைகளின் காலத்துக் காற்று.

பூமியின் நிலப்பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேலான பகுதி வறண்டதும் அரை வறண்டதுமான நிலம். காடுகளைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நாம் இவற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பாலை என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்ற எண்ணம் மனத்தில் அத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் தாவர உடலியல் அறிஞர்கள் நீண்ட காலமாகவே வேறு மாதிரிச் சொல்லிவந்தார்கள்: கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மற்ற எல்லா நிலங்களையும்விட அதிகமாக மாறப்போவது பாலைவனம்தான்.

அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இலையில் இருக்கிறது. இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்க அவை திறந்தாக வேண்டும். திறந்த கணமே உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறும். பெரும்பாலான செடிகளில் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்க நேர்கிறது. நீர் வளமுள்ள இடத்தில் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆண்டு முழுக்கச் சேர்ந்தே சுமார் 140 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் இரண்டு வகையில் செடிக்கு ஆதாயம். துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே தேவையானது கிடைத்துவிடும், நீர் மிச்சமாகும். அடுத்தது ரூபிஸ்கோ என்ற நொதியைப் பற்றியது. கார்பனைப் பிடித்துச் சர்க்கரை ஆக்கும் வேலையின் முதல் படி இந்த நொதியிடம்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கார்பன் டை ஆக்சைடு என்று எண்ணி ஆக்சிஜனைப் பிடித்துவிடும். நாலைந்து தடவைக்கு ஒரு தடவை இந்தத் தவறு நடக்கிறது. வெப்பம் ஏற ஏற இன்னும் அதிகம். பிடித்த ஆக்சிஜனைக் கழித்துக் கட்டச் செடி தன் கைமுதலைச் செலவழிக்க வேண்டும். சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருந்தால் தவறு குறையும். வெப்பமும் வறட்சியும் கூடவே இருக்கிற பாலைவனத்தில் இரண்டு ஆதாயங்களும் ஒன்றாகச் சேர வேண்டும். தாளில் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. கண்ணாடி அறைக்குள் தொட்டியில் வளர்த்த செடிகளும் அதைத்தான் காட்டின.

தொட்டிச் செடிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குப் பக்கத்தில் போட்டிச் செடி கிடையாது, எறும்பு கிடையாது, முயல் கிடையாது, மூன்று ஆண்டு தொடர் வறட்சி கிடையாது. ஒரு செடிக்கு உண்மை என்பது ஒரு நிலத்துக்கும் உண்மையா என்பதை அறிய, கூரையோ கண்ணாடியோ இல்லாமல், பாலைவனம் இருக்கிற இடத்திலேயே எதிர்காலக் காற்றைக் கொண்டுபோய் ஊதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. லாஸ் வேகாஸிலும் ரீனோவிலும் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் பாலைவன ஆராய்ச்சி நிறுவனத்தினரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஸ்டான் ஸ்மித், ராபர்ட் நோவாக் முதலியோர் முன்னின்றார்கள். இரவும் பகலும் வாயு ஓடியது. காற்று நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் அடித்தாலோ, குளிர் 4 டிகிரிக்குக் கீழே போனாலோ மட்டும் நிறுத்தினார்கள். வட்டத்துக்குள் யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மேலே தொங்கும் சுழல் நடைமேடையில் படுத்துக் குனிந்துதான் இலையை அளக்க வேண்டும், பூவை எண்ண வேண்டும். அந்த விதி ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வட்டங்களுக்குள் அதிகம் நின்றது கிரியோசோட் புதர். இடுப்பளவோ ஆளுயரமோ வளரும். வேரடியிலிருந்தே நாலாபக்கமும் விரியும் மெல்லிய சாம்பல்நிறக் கிளைகள். இலைகள் விரல்நகத்தைவிடச் சிறியவை, இரண்டிரண்டாக ஒட்டியவை. அவற்றின் மேல் வார்னிஷ் அடித்தாற்போல ஒரு பிசின். அந்தப் பிசின் ஈரத்தை உள்ளே பூட்டுகிறது. கடிக்க வரும் பூச்சிகளை விரட்டுகிறது. மழை பெய்ததும் அந்தப் பாலைவனம் முழுவதும் எழும் கார நெடியும் அதிலிருந்துதான் வருகிறது. மற்ற செடிகள் இலையுதிர்த்துவிட்டு உறங்கும் வறட்சியிலும் கிரியோசோட் பச்சையாகவே நிற்கும். வேறு பயிர் என்றால் எப்போதோ வாடிச் செத்திருக்கும் அளவுக்கு மண் காய்ந்த பிறகும் இது கொஞ்சம் கொஞ்சமாக ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும். நடுத்தண்டு செத்தாலும் ஓரத்திலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பி, நூற்றாண்டுகளில் ஒரு வளையமாக விரியும். கலிபோர்னியாவில் அப்படி ஒரு வளையத்தை ஆராய்ந்த ஃபிராங்க் வாசெக், 1980-இல் அதன் வயதை சுமார் 11,700 ஆண்டுகள் என்று மதிப்பிட்டார். பனியுக முடிவில் முளைத்த அந்த ஒரு செடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு செடியிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு அவசரம் உதவாது.

ஆனால் முதல் பதில் சீக்கிரமாகவே வந்தது. 1997-98 குளிர்காலம் வலுவான எல் நினோ காலம். மொஹாவியில் வழக்கத்தைவிட மிக அதிகமாக மழை பெய்தது. அந்த வசந்தத்தில், கார்பன் டை ஆக்சைடு கூடிய வட்டங்களில் புதர்கள் விட்ட புதுத் தளிர்களின் எடை மற்ற வட்டங்களைப்போல இரண்டு மடங்கு. வாயுவைக் கூட்டியதோ ஒன்றரை மடங்குதான். கணக்குப் போட்டவர்கள் சொன்னது சரி என்று தோன்றியது. 1999-இல் மழை பொய்த்தது. அந்த ஆண்டு வட்டங்களுக்கு இடையே புதர்களின் வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. இரண்டு ஆண்டுகளின் முடிவையும் சேர்த்து 2000 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரை பெற்ற கவனத்தில், முதல் பாதிதான் பரவலாக நினைவில் நின்றது என்று நினைக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு பாலைவனத்தைப் பச்சையாக்கும் என்ற வாக்கியம் எளிதாக வாய்க்கு வாய் பரவக் கூடியது. மழை வந்தால் மட்டும் என்ற நிபந்தனை பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். அந்த நிபந்தனைதான் அடுத்த எட்டு ஆண்டுகளின் முழுக் கதையும்.

அடுத்த ஆண்டுகள் பெரும்பாலும் வறண்டவை. 2002-இல் மிகக் கடுமையான வறட்சி. அந்தக் காலத்தில் ஆய்வாளர்கள் மண்ணின் ஈரத்தைத் தொடர்ந்து அளந்துவந்தார்கள். கோட்பாட்டின் ஆதாரமே இங்கேதான் இருந்தது: இலைத்துளை குறைவாகத் திறக்கும், நீர் மிஞ்சும், மிஞ்சிய நீர் மண்ணில் தங்கும், வளர்ச்சிக் காலம் சில வாரங்கள் நீளும். புல்வெளிகளில் நடந்த பரிசோதனைகளில் அப்படி மண் ஈரம் மிஞ்சியது உண்மை. மொஹாவியில் மிஞ்சவில்லை. 2004-இல் நோவாக் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே அதை நேராகச் சொன்னது: கூடுதல் கார்பன் டை ஆக்சைடு மொஹாவி பாலைவனத்தில் மண்ணின் நீரைச் சேமிப்பதில்லை.

ஏன்? மழை பெய்த ஆண்டில் ஒவ்வொரு இலையும் குறைவாகக் குடித்தது. ஆனால் இலைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. மாதக் கடைசியில் மிச்சம் பிடித்த பணத்தை அந்த வாரமே வந்த விருந்தாளிகளுக்குச் செலவழித்துவிட்ட வீடு மாதிரி, கணக்கு முடிவில் இருப்பு அதேதான். மழை பெய்யாத ஆண்டிலோ துளைகள் ஏற்கெனவே மூடித்தான் கிடந்தன. வெளியே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தாலும் மூடிய துளைக்கு எந்தப் பயனும் இல்லை. இதற்கெல்லாம் மேலாக, புதருக்கும் புதருக்கும் நடுவே வெற்று மண் அதிகம் உள்ள நிலம் அது. பெய்த மழையில் கணிசமான பங்கு எந்த வேரையும் எட்டாமல் வெயிலில் ஆவியாகிவிடும். செடி எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அந்த இழப்பைத் தடுக்க முடியாது.

தரையில் கால் வைக்காத விதிக்கு இப்போது வருகிறேன். அந்த வெற்று மண் உண்மையில் வெற்று மண் அல்ல. குனிந்து ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால், மணல் துகள்களின் மேல் கருத்த, சொரசொரப்பான, சற்றே மேடுபள்ளமான ஒரு தோல் படர்ந்திருப்பது தெரியும். நீலப்பச்சைப் பாசிகள், லைக்கன்கள், மிகச் சின்னப் பாசிச் செடிகள் எல்லாம் சேர்ந்து நெய்த தோல் அது. மைக்ரோகோலியஸ் என்ற பாசியின் இழைகள் பிசுபிசுப்பான உறைக்குள் கற்றையாகக் கிடந்து, மணலை மணலோடு கட்டிவைக்கின்றன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் காப்பது இந்தத் தோல்தான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துப் பாலைவனத்துக்கு உரமிடுவதும் இதுதான். மாதக்கணக்கில் காய்ந்து செத்தாற்போலக் கிடக்கும். மழைத்துளி பட்டால் சில நிமிடங்களில் உயிர்த்து ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். சில இனப் பாசிச் செடிகள் நனைந்த கண்ணிமைப் பொழுதில் கறுப்பிலிருந்து பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இத்தனை வலிமையுள்ளது, ஒரு பூட்ஸ் காலால் மிதித்தால் நொறுங்கிவிடும். நொறுங்கியது பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இந்தத் தோலுக்கு இலைத்துளைகள் கிடையாது. வாயு நேராக உள்ளே போகும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் இது செழிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, மரபணுச் சோதனை மூலமும் நிறமிகளை அளந்தும் கணக்கெடுத்தபோது, கூடுதல் வாயு பெற்ற வட்டங்களில் நீலப்பச்சைப் பாசிகள் குறைந்திருந்தன. 2012-இல் அதை வெளியிட்ட ஆய்வாளர்கள் எதிர்பாராத குறைவு என்ற சொற்களைத் தலைப்பிலேயே வைத்தார்கள். எனக்கு இந்த முடிவு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. செடிகள் அசையாமல் நிற்க, அவற்றைத் தாங்கும் மண்ணின் தோல் மெலிகிறது என்றால், வானத்திலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் அது தெரியாது.

2007 ஜூனில் வாயுவை நிறுத்தினார்கள். பத்து ஆண்டுகள் முடிந்தன. அதன் பிறகு நடந்த வேலை மனத்தைக் கொஞ்சம் கனக்கச் செய்வது. அத்தனை நாள் கால்படாமல் காத்த வட்டங்களுக்குள் இறங்கி, செடிகளை வெட்டியெடுத்து எடை போட்டார்கள். வேர்களைத் தோண்டினார்கள். ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு கார்பன், எவ்வளவு நைட்ரஜன் என்று சோதித்தார்கள். பத்து ஆண்டு உழைப்பின் பதில் அந்த மண்ணில்தான் இருந்தது. அதைப் பெற வட்டங்களையே கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் செடிகளின் கணக்கு வந்தது. தரைக்கு மேலே உள்ள தண்டு, இலை, தரைக்குக் கீழே உள்ள வேர் என்று பிரித்துப் பார்த்தாலும் சரி, சேர்த்துப் பார்த்தாலும் சரி, கூடுதல் வாயு பெற்ற புதர்களும் பெறாத புதர்களும் ஒரே எடை. 1998-இல் இரண்டு மடங்காகக் கிளம்பிய தளிர்கள் எங்கே போயின? வறட்சி ஆண்டுகளில் பாலைவனச் செடி தன் கிளைகளையே காய விட்டு உதிர்த்துவிடும். நல்ல ஆண்டில் சேர்த்ததைக் கெட்ட ஆண்டுகள் திரும்ப எடுத்துக்கொண்டன. 1998-ஓடு பணம் தீர்ந்து பரிசோதனை நின்றிருந்தால், பாலைவனம் இரண்டு மடங்கு செழிக்கும் என்ற முடிவோடு உலகம் நின்றிருக்கும். நீண்ட காலப் பரிசோதனைகளுக்குப் பணம் கேட்கப் போகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதற்குப் பிறகு மண்ணின் கணக்கு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவ் எவன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014-இல் அதை வெளியிட்டபோது ஒரு புதிர் முளைத்தது. செடிகளில் வித்தியாசம் இல்லை; மண்ணில் இருந்தது. கூடுதல் வாயு பெற்ற வட்டங்களின் மண்ணில் கரிமக் கார்பனும் அதிகம், நைட்ரஜனும் அதிகம். செடி பெருக்காமல் மண் எப்படிப் பெருக்கும்? கூடுதலாக வேர்கள் செத்து மக்கியிருக்கலாம் என்றால், மண்ணில் இறக்கிய ஒளிபுகும் குழாய் வழியே வேர்களைப் படம் பிடித்தவர்கள் அதையும் மறுத்தார்கள். மெல்லிய வேர்கள் முளைப்பதிலும் மடிவதிலும் நிலையான மாற்றம் எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது வேர்க்கசிவு. செடி தான் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர்நுனி வழியாக மண்ணுக்குள் விடுகிறது. அதை உண்டு அங்கே பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. பதிலுக்கு அவை மக்கிய பொருளை உடைத்து, அதில் சிக்கியிருக்கும் நைட்ரஜனை வேருக்கு எட்டும்படி செய்கின்றன. இலைக்குக் கார்பன் தாராளமாகக் கிடைக்கும்போது, உடம்பை வளர்க்க நீர் இல்லாத செடி, கிடைத்த சர்க்கரையைக் கீழே அனுப்புகிறது. அதை உண்டு வாழ்ந்து மடியும் நுண்ணுயிர்களின் எச்சம், முக்கியமாகப் பூஞ்சைகளின் எச்சம், மண்ணில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பத்து ஆண்டுகளில் பாலைவனம் செய்த பெரிய மாற்றம் இலையிலும் தண்டிலும் இல்லாமல், அந்த நடைமேடையிலிருந்து எட்டிப் பார்த்த யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் நடந்திருக்கிறது.

உலகின் வறண்ட நிலங்களெல்லாம் இதேபோல நடந்துகொண்டால் என்ன ஆகும் என்று எவன்ஸ் குழு கணக்கிட்டது. மனிதர்கள் அப்போது வெளிவிட்டுவந்த கார்பனில் 4 முதல் 8 சதவீதம் வரை அவை கூடுதலாக உள்வாங்கக் கூடும் என்று வந்தது. சிறிய எண் என்று தள்ள முடியாது. யாரும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்த நிலம் அது. ஆனால் புகையைக் குறைக்காமல் இருப்பதற்கு அது சாக்கும் ஆகாது. மீதம் 90 சதவீதத்துக்கும் மேலே அப்படியே இருக்கிறது.

மொஹாவிக்கு வெளியே வந்து பார்த்தால், பாலைவனங்கள் பச்சையாகின்றன என்ற செய்திக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது செயற்கைக்கோள் படங்கள். ஆஸ்திரேலியாவின் ராண்டல் டானஹியூ குழுவினர் 2013-இல், 1982 முதல் 2010 வரை எடுத்த படங்களிலிருந்து மழையின் செல்வாக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, வெப்பமான வறண்ட பகுதிகளில் இலைப்போர்வை 11 சதவீதம் கூடியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு உயர்ந்த அளவை வைத்துக் கோட்பாடு முன்கூட்டிச் சொன்னது 5 முதல் 10 சதவீதம். இதுவும் உண்மை, மொஹாவியின் முடிவும் உண்மை. செயற்கைக்கோள் பார்த்த நிலங்களில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புதர்க்காடுகளைப் போன்று மொஹாவியைவிட மழை அதிகம் பெறும் இடங்கள் நிறைய உண்டு. மழை கொஞ்சம் கூடுதலாக உள்ள வறண்ட நிலம் அடிக்கடி ஆதாயம் பெறுகிறது. மொஹாவி போன்ற நிலம் எப்போதாவது பெறுகிறது. 2011-இல் லா நினா கொண்டுவந்த பெருமழையால் ஆஸ்திரேலியாவின் அரை வறண்ட நிலங்கள் பச்சையாகி, உலக நிலப்பரப்பு முழுவதும் உள்வாங்கிய கார்பனின் அளவையே அந்த ஆண்டு வழக்கத்துக்கு மேல் உயர்த்தின. மழை நின்றதும் புல் காய்ந்தது. காய்ந்த புல்லில் இருந்த கார்பன் வெகுநாள் அங்கே தங்குவதில்லை.

மொஹாவியில் இன்னொரு செடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. சிவப்பு புரோம் என்ற புல். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. குளிர்கால மழையில் முளைக்கும், வசந்தத்தில் செந்நிறக் கதிர் விடும், கோடை தொடங்குவதற்குள் செத்துக் காய்ந்துவிடும். ஓராண்டுப் புல்தானே என்று விட முடியாது. மொஹாவியின் உள்ளூர்ச் செடிகள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்பவை. மின்னல் விழுந்து ஒரு புதர் பற்றினால், தீ அடுத்த புதருக்குத் தாவ வழியில்லாமல் அங்கேயே அணைந்துவிடும். அதனால் தீயைத் தாங்கும் பழக்கம் இந்தச் செடிகளுக்குக் கிடையாது. புரோம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. அது காய்ந்ததும், புதரிலிருந்து புதருக்குத் தீ நடந்துபோகப் பாதை கிடைக்கிறது. 2004-05 குளிர்காலத்தில் நல்ல மழை பெய்தது, புல் மண்டியது, 2005 கோடையில் மொஹாவியில் மட்டும் 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. எரிந்த நிலத்தில் முதலில் திரும்பி வருவது மறுபடியும் அந்தப் புல்தான்.

1998-இன் நல்ல மழையில், எதிர்காலக் காற்று ஊதிய வட்டங்களில் உள்ளூர் ஓராண்டுச் செடிகளும் வளர்ந்தன. ஆனால் புரோம் அவற்றைவிடப் பல படி மேலே வளர்ந்து, அதிகமாக விதை கொட்டியது. கூடுதல் வாயுவில் அது ஒவ்வொரு கிராம் உடம்பையும் குறைந்த செலவில் கட்டிக்கொள்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. நேச்சர் கட்டுரையின் கடைசியில் இருந்த எச்சரிக்கை இதுதான்: கார்பன் டை ஆக்சைடு பாலைவனத்துக்குத் தரும் கொடையில் பெரும் பங்கை வந்தேறிப் புல் எடுத்துக்கொள்ளலாம், அதன் பின்னாலேயே தீ வரலாம்.

பிறகு வறட்சி வந்தது. புரோம் வட்டங்களிலிருந்து காணாமலே போனது. அதன் விதைகள் மண்ணில் அதிக காலம் உயிரோடு இருப்பதில்லை. ஓரிரண்டு மோசமான ஆண்டுகள் அதன் குடியைக் கெடுத்துவிடும். உள்ளூர் ஓராண்டுச் செடிகளின் விதைகளோ பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவை. ஒரு மழைக்கு எல்லாம் முளைக்காமல், ஒரு பகுதியை மட்டும் முளைக்க விட்டு மிச்சத்தை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்பவை. எனவே வறண்ட ஆண்டுகளில் களம் அவற்றுக்குக் கிடைத்தது. 2000-இல் எழுதிய எச்சரிக்கை தேவையற்றதோ என்று ஒரு கட்டத்தில் நினைக்கத் தோன்றியிருக்கும். ஆனால் கடைசி ஆண்டுகளில் மழை திரும்பியதும் புரோமும் திரும்பியது. முடிவில் மண்ணைச் சலித்து அதிலிருந்த விதைகளை எண்ணியபோது புரோம் விதை நிறைய இருந்தது; கூடுதல் வாயு பெற்ற வட்டங்களில் இன்னும் அதிகமாக இருந்தது. ஸ்மித் குழுவினர் 2014-இல் வந்தடைந்த முடிவு இது: வருங்காலத்தில் மழை கூடினால் வந்தேறிப் புல் வெல்லும், வறட்சி கூடினால் உள்ளூர்ச் செடிகள் வெல்லும். காற்றில் என்ன இருந்தாலும் வெற்றியைத் தீர்மானிப்பது மழை.

அந்த மழை எந்தப் பக்கம் போகிறது? மரங்களின் ஆண்டு வளையங்களை வைத்துப் பார்க்கையில், அமெரிக்கத் தென்மேற்கில் 2000 முதல் 2021 வரையான 22 ஆண்டுகள், கி.பி. 800-க்குப் பிறகு வந்த எந்த 22 ஆண்டுகளையும்விட வறண்டவை. வெப்பம் கூடக் கூடக் காற்றின் தாகமும் கூடுகிறது. பெய்த மழையையும் அது சீக்கிரமாகக் குடித்துவிடுகிறது. அதே வெப்பம், பெய்கிற நாளில் பெருமழையாகப் பெய்ய வைக்கவும் கூடும். வறட்சியின் நடுவே எப்போதாவது ஒரு பெருமழை ஆண்டு என்பது கிரியோசோட்டுக்கு உதவுமா, புரோமுக்கு உதவுமா என்ற கேள்வி அந்த நிலத்தைக் காக்கிறவர்களை இப்போதே கவலைப்பட வைக்கிறது.

மொஹாவியின் பாடத்தை அப்படியே எடுத்து நம் தார் பாலைவனத்தின் மேல் பொருத்த முடியாது. மொஹாவிக்குக் குளிர்காலத்தில் மழை. தாருக்குக் கோடைப் பருவமழை. மொஹாவியின் முக்கியச் செடிகள் ரூபிஸ்கோவின் தவறால் நஷ்டப்படும் வகை. தாரின் மேய்ச்சலைத் தாங்கும் சேவன் புல்லோ, கார்பன் டை ஆக்சைடை இலைக்குள்ளேயே செறிவாக்கி அந்தத் தவறைத் தவிர்க்கும் வகை. காற்றில் வாயு கூடுவதால் சேவனுக்கு ஆதாயம் குறைவு. அதே தாரில், ராமநாதபுரத்துக்காரர்கள் நன்றாக அறிந்த சீமைக்கருவேலமும் பரவியிருக்கிறது. அது மொஹாவிப் புதர்களைப் போல வாயு கூடினால் ஆதாயம் பெறும் வகை. ஆழமாக வேர் விட்டு நீரைத் தேடிக்கொள்ளும் மரம் வேறு. காற்று மாற மாறப் புல்லின் இடத்தை முள்மரம் எடுத்துக்கொள்ளுமா, ஒட்டகமும் ஆடும் மேய்ப்பவர்களுக்கு என்ன மிஞ்சும், சீமைக்கருவேலத்தின் அடியில் மண்ணில் சேரும் கார்பன் புல்லின் அடியில் இருந்ததைவிடக் கூடுமா குறையுமா? ஜோத்பூரில் 1959 முதல் வறண்ட நிலத்துக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒன்பது வட்டங்களும் பத்து ஆண்டுகளும் தந்தால், அங்கேயும் இந்தக் கேள்விகளை மண்ணிடமே கேட்கலாம்.